மல்லித்தண்ணிக்குள் கச்சான் காற்று

அப்பாயி போடும் மல்லித்தண்ணியில் ஒரு வாசம் உண்டு. மல்லி, இஞ்சி, மிளகின் உறைப்பு தொண்டையில் இறங்கிய பிறகு, இடுப்பு வலிக்குத் தேய்க்கும் தைலத்தைப்போல ஒரு குளிர்ச்சி மூக்கில் ஏறி நிற்கும். அவர் இறந்த பிறகு எங்கள் வீட்டில் அது இல்லாமல் போனது. கொழும்பில் எத்தனையோ விதமாகக் காய்ச்சிப் பார்த்தேன். உறைப்பு வந்தது, வாசம் வரவில்லை. பல வருடம் கழித்து, பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அத்தையின் லயத்தில் ஒரு மிடறு குடித்தபோது அதே வாசம் ஏறியது.

"என்ன போட்டீங்க அத்தை?"

"என்னத்தப் போட்டேன்? மல்லி, இஞ்சி, மிளகு, கருப்பட்டி, தேயிலைத் தூளு. எப்பவும் போடறதுதானே."

அந்த வாசத்தைத் தேடிப் பதுளை பஜாரில் நாட்டு மருந்துக்கடைகளில் ஏறி இறங்கினேன். தடிமலுக்குச் சிங்களவர் காய்ச்சிக் குடிக்கும் பஸ்பங்குவவில் மல்லி, இஞ்சியோடு கண்டங்கத்தரி, பற்படாகம், மரமஞ்சளும் சேரும். காய்ச்சினேன், நல்ல கசப்பு, அவ்வளவுதான்.

விடை சொன்னவர், இஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ரோலர் பக்கம் காலமெல்லாம் வேலை செய்த பெரியவர். "அது மல்லியில இல்ல மகள், தூள்ல இருக்கு. கச்சான் அடிக்கிற மாசத்துத் தூளு."

அதன்பிறகுதான் தேயிலையைப் பற்றித் தேடிப் படித்தேன். ஜூலை முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்குப் பக்கத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடும். பதுளையும் பசறையும் இருக்கும் ஊவாவுக்கு வந்து சேர்வது வறண்ட காற்று மட்டும். அதுதான் கச்சான். அந்த மாதங்களின் ஊவாத் தேயிலையில் மெத்தில் சாலிசிலேட் தூக்கலாக இருக்கும். வலித் தைலங்களில் சேர்க்கும் அதே பொருள். கொழுந்துக்குள் அது சர்க்கரையோடு பிணைந்து கிடக்கிறது. ரோலரில் இலை நசுங்கும்போது நொதி அந்தப் பிணைப்பை அறுக்க, வாசம் வெளியே வருகிறது. ஜப்பான்காரர்கள் உலகின் மூன்று சிறந்த கறுப்புத் தேயிலைகளில் ஒன்றாக ஊவாவை வைத்திருப்பது இந்த வாசத்துக்காகத்தான்.

கொழுந்து பறித்த அப்பாயிக்கு அந்த மாதங்கள் வேறு மாதிரி. காற்றில் உதடு வெடிக்கும், இருமல் விடாது. கொழுந்து சிறுத்துப்போய் நிறை குறையும். நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். ஏலத்துக்குப் போகும் தூளின் விலையை ஏற்றிய காற்று, அதைப் பறித்தவரின் சம்பளத்தைக் குறைத்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் ஆறுவதில்லை.

மல்லியும் இஞ்சியும் தேயிலைக்கு முன்பே இந்த வைத்தியத்தில் இருந்தவை. தேயிலைக்கு முன் இந்த மலைகளில் இருந்தது கோப்பி. 1869இல் இலங்கைக் கோப்பியில் இலைத்துரு நோய் முதலில் தென்பட்டது பதுளைக்குக் கிழக்கே மடுல்சீமையில். கோப்பி அழிந்த மலைகளில் பிறகு தேயிலை ஏறியது. தமிழ்நாட்டிலிருந்து கோப்பிக்காக வந்த சனத்துக்கு, சளிக்கு மல்லியும் சுக்கும் காய்ச்சத் தெரியும். தூள் அந்தச் சட்டியில் பின்னால் வந்து சேர்ந்தது.

கச்சான் மாதத்துத் தூளில் கொஞ்சம் அத்தை எனக்குக் கட்டிக் கொடுத்தார். வீட்டில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்க வைத்தேன். வாசம் இல்லை. போன் எடுத்துக் கேட்டேன்.

"தூள எதுக்கும்மா கொதிக்க விட்ட? மல்லி நல்லா கொதிக்கட்டும். சட்டிய எறக்கி வச்சிட்டு, அப்புறம் தூளப் போட்டு மூடு. அப்பாயி அப்பிடித்தான் போடுவாங்க."