பீங்கானின் அடிப்பக்கம்

ஆவணி, கடைசி ஞாயிறு

கடைக்கு விடுமுறை. காலையில் கேமராப் பெட்டியைத் திறந்தால் சிலிக்கா ஜெல் மணிகள் நீலம் போய் இளஞ்சிவப்பாகிக் கிடந்தன. ஈரத்தைக் குடித்து நிறைந்துவிட்டன. இதற்கென்றே ஒதுக்கிவைத்த பழைய வாணலியில் போட்டு இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “சோத்துக்கு வறுக்கிற நேரத்துல கேமராவுக்கு வறுக்கிறியேடா” என்றார். அடைமழைக்கு முன்னால் இதைச் செய்யாவிட்டால் லென்சுக்குள் பூஞ்சை படரும். பிறகு துடைத்தெடுக்க ஆள் தேடிச் சென்னைக்குத்தான் போக வேண்டும்.

நமக்குத் தொழில் எலக்ட்ரிக்கல் கடை. ஒயர், சுவிட்ச், பல்பு, ஃபியூஸ். படம் எடுப்பது ஞாயிற்றுக்கிழமை ஆசை. பழைய நிக்கான் ஒன்று, 50 எம்.எம். லென்ஸ் ஒன்று, கால் ஆடும் டிரைபாட் ஒன்று. விருத்தாசலத்தில் கேமரா வைத்திருப்பவன் முதலில் பழமலைநாதர் கோயில் கோபுரத்தை எடுப்பான், பிறகு மணிமுத்தாற்றை, பிறகு மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் வேலில் பிராது கட்டுபவர்களை. எல்லாம் நானும் எடுத்தாயிற்று. வெளியூர்க்காரர்கள் ‘பீங்கான் ஊர்’ என்று சொல்கிற ஊர் இது. அந்தப் பீங்கானை மட்டும் யாரும் எடுப்பதில்லை. இந்த வருஷம் அதைத்தான் எடுப்பது என்று முடிவு.

புரட்டாசி, இரண்டாம் சனி

செராமிக் தொழிற்பேட்டையில் தெரிந்தவர் பட்டறைக்குப் போனேன். கொலு வேலை ஓய்கிற நேரம். மூலையில் ஒரு பெரிய உருளை சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ், தண்ணீர், அரைப்பதற்குக் கூழாங்கல். அரைத்து வடிகட்டி எடுத்தால் தோசை மாவுப் பதத்தில் கூழ் வரும். அதைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, சுவரை ஒட்டி மண் கெட்டியாகப் படிகிறது. வேண்டிய தடிமன் வந்ததும் நடுவில் இருக்கும் மிச்சக் கூழைக் கவிழ்த்துக் கொட்டிவிடுகிறார்கள். பொம்மைக்கு வயிறு காலியாக இருப்பது இப்படித்தான். மண் காய்ந்து சுருங்கி அச்சைவிட்டுத் தானே விலகும். பிரித்தால் உள்ளே பிள்ளையார்.

வெளியே எடுத்த பச்சைப் பொம்மையில், அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில், தலையிலிருந்து பாதம் வரை ஒரு மெல்லிய வரி எழும்பி நிற்கும். அதைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து மறைப்பது பெண்கள் வேலை. ஐம்பது வயது மதிக்கத்தக்க அக்கா ஒருவர் பேச்சை நிறுத்தாமலே செய்துகொண்டிருந்தார். எடுக்கலாமா என்று கேட்டதற்கு, “மூஞ்சியை எடுக்காதீங்கண்ணே, கையை எடுத்துக்குங்க” என்றார். நேர் வெளிச்சத்தில் அந்த வரி தெரியவில்லை. ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தபோது வரிக்கு ஒரு நிழல் விழுந்தது. மேலே துடைத்த பாதி வழவழப்பு, கீழே துடைக்காத பாதி வரியோடு, நடுவில் அவர் பெருவிரல். அதை எடுத்தேன். கடையில் பொம்மை வாங்குகிறவர் அந்த வரியைப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்.

ஐப்பசி, அடைமழை

கடை வாசலில் முட்டிக்கால் தண்ணீர். சீக்கிரமே பூட்டிவிட்டு வந்தால் வீட்டில் பாதி இருட்டு, பாதி வெளிச்சம். மாடியில் எம்.சி.பி. சுவிட்ச் போட்டிருக்கிறோம். கீழே அப்பா காலத்து ஃபியூஸ் போர்டுதான். கிரைண்டர் ஓடியபோது ‘பட்’டென்றதாம். மெயினை அணைத்து, வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிப் புதுக் கம்பி கட்டினேன். கட்டி முடித்தும் மாட்டாமல் டார்ச் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பி போவதற்கு ஒரு பள்ளம். கம்பி உருகும்போது தெறிக்கும் பொறி வெளியே வராமல் இருக்கத்தான் அது. பிடிக்கிற இடத்தில் விரல் வழுக்காமல் வரிவரியாக மேடு. பீங்கானில் மின்சாரமும் போகாது, தீயும் பற்றாது. “ஏங்க, படம் அப்புறம் பிடிக்கலாம், முதல்ல லைட்டைப் போடுங்க” என்று குரல் வந்தது.

இந்தக் கேரியரை இப்போது கேட்பவர் குறைவு. கட்டுகிற புது வீட்டுக்கெல்லாம் எம்.சி.பி.தான் கேட்கிறார்கள். அதுதான் பாதுகாப்பு என்று நானும் சொல்லித்தான் விற்கிறேன். ஃபியூசில் கம்பி கிடைக்காத நேரத்தில் கையில் கிடைத்த தடிக் கம்பியைக் கட்டிவிடுகிற ஆள் எல்லாத் தெருவிலும் உண்டு. எம்.சி.பி.யில் அந்த வேலை நடக்காது. ஆகவே கேரியர் போவதில் வருத்தம் இல்லை. போவதற்குள் ஒழுங்காக ஒரு படம் இருக்கட்டும்.

மின்சாரம் வந்த பிறகு வீட்டில் பீங்கான் எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடினோம். அம்மாவின் ஊறுகாய் ஜாடி: உப்பும் புளிப்பும் பல உலோகங்களை அரிக்கும், பீங்கானை ஒன்றும் செய்யாது. தண்ணீர் ஃபில்டருக்குள் இருக்கும் வெள்ளைக் கேண்டில்: இதற்கு மேல்பூச்சு கிடையாது, நுண்துளைதான் அதன் வேலை. பரணில் கிடக்கும் காயில் அடுப்பின் தட்டு. அத்தோடு முடிந்தது என்று நினைத்தபோது, சிதம்பரத்திலிருந்து வந்திருக்கும் மகள் கேஸ் லைட்டரைத் தட்டிக்கொண்டே கேட்டாள்: “இதுல பேட்டரி எங்கப்பா?”

பேட்டரியே இல்லை. உள்ளே ஒரு சின்னப் பீங்கான் துண்டு. ஸ்பிரிங் சுத்தியல் அதன் தலையில் அடிக்க, ஆயிரக்கணக்கான வோல்ட் பொறியாகப் பாய்கிறது. அழுத்தினால் மின்சாரம் தரும் இந்தக் குணத்தைச் சில படிகங்களில் 1880இல் கண்டவர்கள் கியூரி சகோதரர்கள். பிறகு சுட்ட பீங்கானிலும் அதே குணத்தை வரவழைத்தார்கள். மாற்றிச் செய்தாலும் நடக்கும்: மின்சாரம் கொடுத்தால் துண்டு அதிரும். 1987இல் கேனான் அந்த அதிர்வால் லென்சின் ஃபோகஸ் வளையத்தைச் சுழற்றியது. 2003இல் ஒலிம்பஸ் அதே அதிர்வால் சென்சார் முன்னால் இருக்கும் தூசியை உதறியது. இதெல்லாம் நம் பேட்டைச் சரக்கு அல்ல. ஆனால் பொடியைக் குழைத்து, வடிவம் கொடுத்து, நெருப்பில் சுட்ட அதே குலம். “அப்போ உன் கேமராவும் நம்ம ஊர்க்காரங்கதான்” என்றாள் மகள்.

கார்த்திகை, தீபத்துக்கு முந்தைய வாரம்

பேட்டை முழுக்க அகல். மரப் பலகைகளில் வரிசை வரிசையாகக் காய்கிறது. மண் அகல் எண்ணெயைக் குடிக்கும். பூச்சு போட்ட பீங்கான் அகல் குடிக்காது. அதனால்தான் இதற்குக் கிராக்கி.

வெள்ளையை எடுப்பது சங்கடமான வேலை. கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணிக்கொண்டு வெளிச்சத்தைக் கணக்குப் போடும். அதன் போக்கில் விட்டால் வெள்ளை அகல் அழுக்கு வேட்டி நிறத்துக்கு வரும். ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்டிவைக்க வேண்டும். அதிகம் கூட்டினால் விளிம்பு வெளுத்துப் பின்புலத்தோடு கரைந்துவிடும். பூச்சின் மேல் ஜன்னல் வேறு பளபளவென்று விழும். போலரைசரைத் திருப்பினால் பளபளப்பு ஓரளவு அடங்கும். முழுக்க அடக்கினால் பீங்கான் பீங்கானாகவே தெரியாது, சுண்ணாம்புக் கட்டியாகிவிடும். கொஞ்சம் மினுக்க வேண்டும்.

ஒரு அகலைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் மட்டும் பூச்சு இல்லை. வட்டமாக, சொரசொரப்பாக, வெறும் மண். பூச்சு என்பது சூளையில் உருகும் கண்ணாடி. 1,200 டிகிரி சூட்டுக்குப் பக்கத்தில் அடியிலும் அது இருந்தால் உருகித் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே பூச்சில் முக்கியெடுத்ததும் ஒவ்வொரு அகலின் அடியையும் ஈரத்தில் துடைக்கிறார்கள். துடைத்த விரலின் அழுத்தம் ஓரத்தில் சின்ன அலையாகப் பதிந்து, சுட்ட பிறகும் நிற்கிறது. நான் எடுத்ததில் பாதிக்கு மேல் அடிப்பக்கம்தான்.

மார்கழி, நெய்வேலியும் தஞ்சாவூரும்

விடிகாலைப் பனியில் நெய்வேலி வரை பைக். அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. சுரங்கத்தை எடுக்க அனுமதி இல்லாததால் கேமரா பையிலேயே இருந்தது. வழியெல்லாம் முந்திரிக் காடு. 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு வெட்டப்போய்க் கறுப்பாக ஏதோ வந்தது என்று தொடங்குகிற கதையை இந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். 1956இல் நிலக்கரிக் கம்பெனி வந்தது. பழுப்பு நிலக்கரிக்கு மேல் கிடக்கும் மண் அடுக்குகளை அகற்றித்தான் நிலக்கரியை எடுக்க வேண்டும். அந்த அடுக்குகளில் வெள்ளைக் களிமண்ணும் உண்டு. அகலாகிற மண்ணும் அனல் மின்சாரமாகிற நிலக்கரியும் ஒரே நிலத்தடியில் மேலும் கீழுமாகக் கிடந்தவை. மின்சாரத்தைத் தாங்கும் இன்சுலேட்டரைச் செய்வதும் இது போன்ற மண்ணால்தான்.

மறுவாரம் தஞ்சாவூர். லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி 1858இல் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். எல்லோரும் விமானத்தை அண்ணாந்து பார்க்கிற இடத்தில் அவர் குனிந்து எடுத்திருக்கிறார். நானும் கொஞ்ச தூரம் குனிந்து நடந்தேன். விருத்தாசலத்தில் சுந்தரர் பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது தலபுராணம். எனக்குத் தஞ்சாவூரில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு விருத்தாசலத்துக்குத்தான் திரும்ப வேண்டியிருந்தது. நம் கோயிலிலும் செம்பியன் மாதேவி காலத்திலிருந்து எழுத்து நிறைந்த சுவர் இருக்கிறது.

மாசி, மகத்துக்கு முன்

தேர். தெருவெல்லாம் தலைக்கு மேல் செல்போன். குறுக்கே போகும் கம்பிகளைத் தேருக்காகக் கழற்றிய மின்வாரியத்து ஆட்கள் ஓரமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஓர் ஓட்டை இன்சுலேட்டர் கிடந்தது, மாற்றி எடுத்ததாம். எல்லோரும் தேரை எடுக்க, நான் திண்ணையில் அதை வைத்து எடுத்தேன். காப்பி நிறப் பூச்சு, அடுக்கடுக்காகக் குடை. மேல் பக்கம் மழையே கழுவிவிட்டதால் புதிது போல மின்னியது. குடைக்கு அடியில் வருஷக்கணக்கான தூசி. அடிப்பக்கம் நனையாமல் இருந்தால்தான் மழை நாளில் மின்சாரம் ஈரத்தின் வழியாகக் கம்பத்தில் இறங்காது. குடை அதற்குத்தான். உடைந்த விளிம்பில் மட்டும் பூச்சுக்குள் இருந்த வெள்ளை மண் தெரிந்தது. இப்போது பாலிமரில் வருகிறது, எடை குறைவு, கல்லடிக்கு உடையாது என்றார் லைன்மேன். “இதைப் போய் எடுக்கிறீங்களே சார், சாமி அங்க வருது.”

பங்குனி

சில படங்களைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கடைச் சுவரில் மாட்டினேன். அகலின் அடி, ஃபியூஸ் கேரியரின் பள்ளம், இன்சுலேட்டர் குடை, அந்தக் கை. தினமும் சரக்கு வாங்கவரும் எலக்ட்ரீஷியன் தம்பி இன்சுலேட்டரை வெகுநேரம் பார்த்துவிட்டு, “எந்தக் கோயில் கலசம்ணே இது?” என்றான். அவன் ஏறாத கம்பம் இல்லை.

சாயந்தரம் பேட்டை அக்கா பல்பு வாங்க வந்தார். கல்லாவுக்கு மேலே பார்த்ததும், “ஏ, இது நான்தானே” என்றார். பொம்மையைப் பார்த்தா கண்டுபிடித்தார், விரலைப் பார்த்தா என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பேத்தியிடம் அந்த வரி எது, எப்படிச் சீவுவது, அழுத்தினால் ஏன் மூக்கு போய்விடும் என்றெல்லாம் விளக்கினார். பிறகு என்னிடம் திரும்பி, “கீழே பேர் எழுதிடுங்கண்ணே” என்றார். முகமே வேண்டாம் என்றவர்.

எழுதினேன். எழுதிய பிறகு மற்றப் படங்கள் வெறுமையாகத் தெரிந்தன. அகலை யார் துடைத்தது, கேரியரை யார் அழுத்தியது என்று எந்தச் சரக்கிலும் குறிப்பு இருப்பதில்லை. கம்பெனி முத்திரையோடு சரி. அடுத்த ஞாயிறு பேட்டையில் ஒவ்வொரு படமாகக் காட்டிக் கேட்டு வர வேண்டும். சம்மதித்தவர்கள் பெயரை எழுதி, அவரவருக்கு ஒரு பிரதியும் கொடுத்துவிடலாம். பிரிண்டுக்கு எவ்வளவு ஆகும் என்பதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.