வெள்ளிக்கிழமை ஓட்டு

ஷார்ஜாவில் காலை ஏழரை என்றால் சென்னையில் ஒன்பது. அலுவலகத்துக்குள் நுழைந்து, மேலாளர் வருவதற்குள் தமிழில் எதையாவது படித்துவிடத் துடிக்கும் ஒன்பது மணி. வலைப்பதிவில் எழுதியதை அந்த நேரத்துக்குக் கடைபரப்பியாக வேண்டும். எங்களுக்கு வெள்ளி விடுமுறை, ஊரில் வேலைநாள். வாரத்தில் எனக்கு வாய்த்த நல்ல நாள் அது ஒன்றுதான். சனி, ஞாயிறில் போட்டால் ஈயாடும். நம்மவர்கள் வீட்டில் படிப்பதில்லை, சம்பளம் வாங்கிக்கொண்டு படிப்பவர்கள் என்பது அன்று எழுதிய எல்லாருக்கும் தெரிந்த ரகசியம்.

அறையில் மற்ற மூவரும் போர்வைக்குள் இருப்பார்கள். ஜன்னல் ஏசி லாரிபோல் உறுமும். மடிக்கணினியைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு வாசல் வாசலாக ஏறி இறங்குவேன். முதலில் தமிழ்மணம், 2004இல் தொடங்கிய மூத்த வலைப்பதிவுத் திரட்டி, எங்களுக்குத் தாய்வீடு. அடுத்து தமிழிஷ், பின்னாளில் இன்ட்லி என்று பெயர் மாறியது. பிறகு உலவு, திரட்டி, தமிழ்10. சுட்டியை ஒட்டு, தலைப்பைத் தட்டு, இரண்டு வரிச் சுருக்கம் எழுது, குறிச்சொல் கொடு. அனுபவமா, நகைச்சுவையா, சுத்த மொக்கையா? சொந்த எழுத்துக்கு வகை சொல்வதைப்போலக் கூச்சம் தருவது வேறில்லை. ஓட்டு விழுந்தால் முகப்புக்கு ஏறும். விழாவிட்டால் மதியத்துக்குள் அடியில் போய்விடும், தேடினாலும் கிடைக்காது.

ஏழு நாற்பதுக்குத் தொலைபேசி அடிக்கும். மதுரை அண்ணன். வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, வணக்கம்கூடச் சொல்லாமல், "குத்தியாச்சு தம்பி."

"படிச்சீங்களாண்ணே?"

"அதை மத்தியானம் பாத்துக்கலாம்ப்பா. மொதல்ல ஓட்டு."

மொய்தான், மறுக்கவில்லை. அவர் எழுதினால் நான் குத்துவேன், நான் எழுதினால் அவர். எவனோ ஒரு மைனஸ் ஓட்டு போட்டுவிட்டால் யாராயிருக்கும் என்று இருவரும் இரண்டு நாள் துப்பறிவோம். எழுத்தைவிட ஓட்டைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறோம், வெட்கக்கேடு. ஆனாலும் அந்த வெற்றிலைக் குரல், அந்த ஒற்றைக் 'குத்தியாச்சு', கடல் தாண்டி ஒருவன் எனக்காகக் காலையில் விரலை அசைத்தான் என்கிற சேதி. அவர் முகத்தை நான் கடைசிவரை பார்க்கவில்லை.

மொய் செல்லாத இடமும் ஒன்று இருந்தது. டெலிஷியஸ். ஜோஷுவா ஷாக்டர் என்பவர் 2003இல் தொடங்கியது. பிடித்த பக்கத்தைச் சேமித்து, வாய்க்கு வந்த குறிச்சொல்லை ஒட்டி வைக்கலாம், அவ்வளவுதான். ஆனால் அதே பக்கத்தை இன்னும் எத்தனை பேர் எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று காட்டும். பெயரைத் தொட்டால் அந்த ஆளின் மொத்த அலமாரியும் திறந்துகொள்ளும். அம்மாவின் அம்மிக்கல் பற்றி நான் எழுதியதை இரண்டு பேர் சேமித்திருந்தார்கள். ஒருவன் நான். மற்றவர் ஒட்டியிருந்தது ஒரே சொல்: 'மறுபடி'. அலமாரியைத் திறந்தேன். சர்க்கரை நோய்க்கான உணவுப் பட்டியல், ரயில் கால அட்டவணை, சிறுநீரக மருத்துவர்கள், மீன்குழம்பு, நடுவில் என் அம்மிக்கல். வெகுநேரம் அங்கேயே இருந்தேன், யாரோ இல்லாத நேரம் அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பதுபோல. ஆணா பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது.

டெலிஷியஸை 2005இல் யாஹூ வாங்கியது. 2010 டிசம்பரில் அது மூடப்படப்போவதாகச் செய்தி கசிந்து ஆளாளுக்குத் தம் சேமிப்பை மூட்டை கட்டினோம். மூடவில்லை, கைமாறிக் கைமாறி 2017இல் பின்போர்டு என்ற தளம் அதை வாங்கி, புதிதாக எதையும் சேர்க்க முடியாதபடி நிறுத்தியது. கூகுள் ரீடர் 2013லேயே போயிருந்தது. ஸ்டம்பிள்அப்பான் 2018இல். இவற்றுக்கெல்லாம் யாராவது துட்டி கேட்டு வந்தார்களா என்ன? உங்களுக்கும் இப்படி ஒன்று இருந்திருக்கும். எப்போது கடைசியாகத் திறந்தீர்கள் என்று யோசித்தால் நினைவுக்கு வராது.

இப்போது கோவையில் இருக்கிறேன். ஃபைபர் இணைப்பு. தனியறை, உறுமாத ஏசி. எழுதியதைக் கைபேசியிலிருந்தே போடுகிறேன். குறிச்சொல், சுருக்கம், எதுவும் யாரும் கேட்பதில்லை. காபி குடித்து முடிப்பதற்குள் ஆயிரத்துச் சொச்சம் பேர் பார்த்ததாக எண் ஓடுகிறது. ஆயிரம் பேர். யார் கொண்டுவந்து விட்டார்கள் இவர்களை? யாருமில்லை. வந்த வேகத்தில் விரலால் தள்ளிப் போகிறார்கள். ஒருவர்கூட எடுத்து வைத்துக்கொள்ளவில்லை, ஒரு சொல்கூட ஒட்டவில்லை.

அண்ணனின் எண் உபயோகத்தில் இல்லையாம். மூன்று வருடமாக அதே பெண்குரல்தான் சொல்கிறது.

போன வெள்ளிக்கிழமை அம்மிக்கல்லைத் தேடி எடுத்தேன். அப்படியே இருக்கிறது, எழுத்துப் பிழைகளோடு. அடியில் என் வேண்டுகோளும் இருக்கிறது: பிடித்திருந்தால் ஒரு குத்து குத்துங்க சாமி. அதற்குக் கீழே ஓட்டுப் பட்டைகள் இருந்த இடத்தில் படம் வராத ஐந்து வெற்றுக் கட்டங்கள். எது எங்கே இருந்தது என்று வரிசை மட்டும் விரலுக்குத் தெரிந்தது. மணி பார்த்தேன், ஒன்பது. இரண்டாவது கட்டத்தைக் குத்தினேன்.