ஓதற் பிரிவும் கடல்கடந்த கல்வியும்

கல்வியின்பொருட்டு ஊர்நீங்கிச் சேறல் தமிழர்க்குப் புதுவழக்கன்று. ஓதல், பகை, தூது முதலியவற்றான் நிகழும் பிரிவுகளை வகுத்தோதுங்கால் ஆசிரியர் தொல்காப்பியனார் ஓதலை முதற்கண் வைத்தார். அங்ஙனம் பிரிந்தோன் மூன்றாண்டிற்குமேல் தங்கலாகாது என்று கற்பியலில் எல்லையும் வரைந்தார். கடல்வழிச் செலவில் மகளிரை உடன்கொண்டு சேறல் இல்லை என்பதும் அவர் கூறியதே. இவற்றை யாம் இளமையில் நெட்டுருச் செய்தோம். இவை பிற்காலத்தொருநாள் எம் வீட்டுத் திண்ணையில் வந்து வழக்காடும் என்று அன்று எண்ணினேமல்லேம்.

யாம் உறைவது பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ள குமணன்சாவடி. வள்ளல் எழுவர்க்குப்பின் வாழ்ந்த குமணனுக்கும் இவ்வூர்க்கும் தொடர்புண்டோ என்பார்க்கு விடைகூற முற்படோம்; பெயரொப்புமை ஒன்றே சான்றாகாது. ஆயினும் தமிழ் கற்றான் ஒருவன் இப்பெயரைக் கடிதத்தலைப்பில் எழுதுந்தோறும் புறநானூறு நினைவிற்கு வாராதிராது. சாலை நடுவே மெட்ரோ பாதைக்குத் தூண்கள் நிறுத்தியுள்ளனர். அத்தூண்களிலும் கடைச்சுவர்களிலும் 'வெளிநாட்டுக் கல்வி' என்னும் விளம்பரத்தாள் காணாத நாளில்லை.

எம் தெருவினன் ஒருவன் சில ஆண்டுகட்குமுன் இங்கிலாந்திற்கு முதுகலை பயிலச் சென்றான். அவன் தந்தையார் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரத்தின்முன் நின்றே முப்பதாண்டு கழித்தவர். வீட்டுப் பத்திரத்தை ஈடுவைத்துக் கடன் வாங்கினார். வகுப்பு நடைபெறுங்காலத்து வாரத்திற்கு 20 மணிக்குமேல் மாணவர் கூலிவேலை செய்யலாகாது என்பது அந்நாட்டு விதி. அனுப்பிவைத்த முகவர் இதனை மறைத்தாரல்லர். அவ்விருபது மணியின் கூலி அறைவாடகைக்கும் உணவிற்குமே போதாது, கடனடைக்க எஞ்சாது என்பதனைக் கூறாது விட்டார். விதியைச் சொல்லி விளைவைச் சொல்லாமை பொய்ம்மையினும் கொடிது என்பது எம் கருத்து.

விசா வேண்டுவோர் கல்விக்கட்டணமும் ஒன்பது திங்கள்வரை உண்டியுறையுட்கு ஆகுந்தொகையும் தம்மிடம் உண்டெனக் காட்டல் வேண்டும். அத்தொகை வங்கியிற் 28 நாள் குறையாது கிடத்தல் வேண்டுமாம். இதன்பொருட்டு உறவினரிடம் பெற்று வைத்துத் திருப்பிக்கொடுப்பார் உளர். எம் தெருவில் இங்ஙனம் 28 நாட் செல்வராயினார் சிலரை யாமே அறிவோம். வைத்த பணம் போயபின் பிள்ளை அயல்நாட்டிற் குளிரில் நிற்கின்றான். சான்றிதழ் மட்டும் அவனைச் செல்வனெனக் கூறிக்கொண்டிருக்கின்றது.

அப்பிள்ளை இரவில் சரக்கறையொன்றில் வேலை செய்தான், பகலிற் படித்தான். 'உண்டாயா' எனத் தாய் தொலைபேசியில் வினவுந்தோறும் 'உண்டேன்' என்றான். அவற்றுட் பல உண்ணாத நாட்கள் என்பது அவன் மீண்டபின்னரே வெளிப்பட்டது.

இதனைக் கேட்டபொழுது யாம் கணிதமேதை சீனிவாச இராமானுசன் வரலாற்றை எண்ணினோம். சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கெழுதியவர் அவர். கடல்கடத்தற்குத் தாயார் இசையாதிருந்து பின் இசைந்தனர். குடுமி களைந்து, 1914 மார்ச்சு 17இல் நெவாசா என்னுங் கப்பலேறி, ஏப்பிரல் 14இல் இலண்டன் சேர்ந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் அளித்தது. கேம்பிரிட்சு திரினிட்டிக் கல்லூரி 60 பவுன் அளித்தது. அவற்றுள் 50 பவுன் குடும்பத்திற்கு ஒதுக்கினார். ஆகவே அவர்க்கு வறுமை இல்லை. இல்லாதது வேறு. புலால் உண்ணாராகலின் தாமே சமைத்துண்டார். அவ்வாண்டு ஆகத்தில் போர் தொடங்கவே காய்கறி கிடைத்தல் அரிதாயிற்று.

உடன்பயின்ற மகாலனோபிஸ் கூறிய செய்தி ஒன்று உண்டு. இராமானுசன் இரவிற் குளிரால் வருந்தி, மேற்சட்டையும் சால்வையும் போர்த்துக் கட்டிலிற் கிடந்தார். அவர் அறைக்குச் சென்று நோக்கியபொழுது கட்டிலிற் கம்பளிகள் பல இருந்தன. அவை மெத்தையின் விளிம்பிற் செருகி விரிக்கப்பட்டிருந்தமையின், அவற்றை விலக்கி உள்ளே புகுந்து உறங்கல் வேண்டும் என்பதனை இராமானுசன் அறிந்திலர், மேலேயே படுத்திருந்தார். எண்களின் மறையெல்லாம் கண்டார்க்குக் கம்பளியின் மறையைக் காட்ட ஒரு தோழன் வேண்டியிருந்தது. எம் பிள்ளைகள் அயல்நாட்டில் இடர்ப்படுவது பெரும்பாலும் இத்தகைய சிறியவற்றிலேயே.

1917இல் நோயுற்றார். காசநோய் என்றனர் அக்காலத்து மருத்துவர். அமீபாவான் வந்த கல்லீரல் நோயாதல் கூடும் என்பார் பிற்காலத்தார். 1918இல் இராயல் சங்கத்தின் உறுப்பினரும் திரினிட்டிக் கல்லூரியின் உறுப்பினரும் ஆயினார். 1919இல் மீண்டு, 1920 ஏப்பிரல் 26இல் சென்னைச் சேத்துப்பட்டில் மறைந்தார். தொல்காப்பியனார் வரைந்த மூன்றாண்டு ஐந்தாண்டாயிற்று. இளமனைவியார் சானகி இங்கே தனித்திருந்தார். புகழைப் பேசுவார் இவ்வம்மையார் இழந்த ஐந்தாண்டைப் பேசுதல் அரிது.

மீளுமுன் அவர் பல்கலைக்கழகப் பதிவாளர்க்கு எழுதிய கடிதம் ஒன்றை யாம் மாணாக்கர்க்குப் பலகாற் கூறியதுண்டு. தமக்கு அளிக்கவிருக்கும் உதவித்தொகை தம் தேவைக்கு மிக்கது. பெற்றோர்க்கு 50 பவுன் போக, செலவிற்கு மிஞ்சியதனை ஏழைச்சிறார், தாயும் தந்தையும் இல்லாச் சிறார் ஆகியோரின் பள்ளிச்சம்பளத்தைக் குறைத்தற்கும் நூல்கட்கும் பயன்படுத்துக என்றார். குமணனிடம் பரிசில் பெற்று மீண்ட பெருஞ்சித்திரனார், என்னை வினவாமலே எல்லார்க்கும் கொடு என்று மனைவியிடம் கூறியதும் இதுவே. ஒருவர் புலவர், ஒருவர் கணக்கர். இருவரும் வறுமையை நேரே கண்டவர்.

இனி எம் இல்லத்து வழக்கைக் கூறுவாம். எம் பெயர்த்தி மேற்படிப்பிற்குக் கடல்கடக்க விழைகின்றாள். எம் மனைவியார் எம்மிடமே கேட்டறிந்த நூற்பாவைக் காட்டித் தடுத்தார். பெயர்த்தியோ, 'ஆடவன் மகளிரை உடன்கொண்டு செல்லான் என்பதன்றி மகள் தானே செல்லலாகாது என்று நூலில் உளதோ?' என்று உரைகண்டாள். அதியமான்பொருட்டுத் தொண்டைமானுழைத் தூது சென்ற ஔவையாரையும் சான்று காட்டினாள். அவ்வுரை எமக்கு உடன்பாடே. இங்கிலாந்து அரசும், ஆராய்ச்சி மாணவர் முதலியோர் ஒழிந்த ஏனையோர் குடும்பத்தை உடனழைத்து வருதலை 2024 சனவரி முதல் விலக்கிற்று. இலண்டனில் தொல்காப்பியம் பயின்ற அமைச்சர் உளர்போலும் என்று எம் நண்பர் நகைத்தார்.

யாம் அவளுக்குக் கூறியது, வீட்டைப் பணயமாக வைக்கும் படிப்பு வேண்டா என்பதே. இங்கேயே ஈராண்டு பணிசெய்து பொருள்சேர்த்துச் செல்க. அன்றேல் கட்டணம் குறைந்த நாட்டை நாடுக. செருமனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றிற் கற்பிக்குங் கட்டணம் இல்லை. மாணவர் ஆண்டிற்கு 140 முழுநாள் வேலை செய்யலாம். ஆனால் ஓராண்டு உண்டிச்செலவை முன்னரே வங்கியில் முடக்கிவைத்தல் வேண்டும். அம்மொழியையும் கற்றல் வேண்டும். மொழி கற்றலுக்கு அஞ்சற்க. குமரகுருபர அடிகள் 17ஆம் நூற்றாண்டிற் காசி சென்று, அந்நாட்டு மொழி பயின்று, மடமும் நிறுவினார். யாமும் பதின்மூன்றாம் அகவையில் சோழநாட்டு மடமொன்றிற்குக் கற்கச் சென்றேம். உண்டியும் உறையுளும் மடத்தன. கடன் என்னுஞ் சொல்லை நூலிற் கண்டதன்றி வாழ்க்கையிற் கண்டிலேம். அங்ஙனமிருந்தும் முதல் ஐப்பசி மழையில் மடைப்பள்ளிப் புகையை நோக்கி அழுதேம். எவ்வளவு தொலைவு என்பது அழுகைக்குக் கணக்கன்று.

பரிசில் பெற்று மீள்வோன் எதிர்வரும் வறியோனுக்கு வழிகூறுதலை ஆற்றுப்படை என்பர். பத்துப்பாட்டில் ஐந்து அவ்வகையின. 583 அடி கொண்ட மலைபடுகடாம், வழியில் இன்ன இடத்து இன்ன இடர், இன்னார் இன்ன உணவு தருவர் என்றெல்லாம் விரிக்கும். எம் தெருப்பிள்ளை ஊர்மீண்டு வேலையமர்ந்து, கடனைத் திங்கள்தோறும் அடைத்து வருகின்றான். பின் செல்வார்க்கென நான்கு பக்கம் எழுதி வைத்துள்ளான்: அரிசி எங்கே மலிவு, வாடகை ஒப்பந்தத்தில் எவ்வரியை இருமுறை படித்தல் வேண்டும், நோயுற்றால் யாரை அழைத்தல் வேண்டும், தாயிடம் எதனை மறைத்தல் ஆகாது. பெயர்த்திக்கு அதன் படியொன்று கேட்டு வாங்கினோம். ஒற்றுமிகாத இடங்கள் பதினொன்று இருந்தன. அவற்றைச் சிவப்பு மையால் திருத்தி அவள் கையிற் கொடுத்துள்ளோம்.