சீனியும் சர்க்கரையும்

எங்கள் பக்கத்தில் சீனி வேறு, சர்க்கரை வேறு. வெள்ளையாக, பொடிமணல் போல இருப்பது சீனி. கரும்புப் பாலைக் காய்ச்சி எடுத்த பழுப்பு நிறச் சரக்குதான் சர்க்கரை. சர்க்கரைப் பொங்கலில் இன்றும் வெல்லம் சேர்வது அந்தப் பழைய வழக்கின் எச்சம். ஆனால் நோய்க்குப் பெயர் வைக்கும்போது சீனியைத் தப்பவிட்டு, சர்க்கரையைப் பிடித்துக்கொண்டோம். காளையார்கோவில் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் ‘எனக்குச் சர்க்கரை இருக்கு’ என்று சொன்னால், அவர் சமையலறைச் சரக்கைப் பற்றிப் பேசவில்லை என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும்.

இவ்வூரின் பழம்பெயர் கானப்பேர். கானப்பேர் எயிலைக் கைப்பற்றிய உக்கிரப் பெருவழுதியை ஐயூர் மூலங்கிழார் பாடியது புறநானூற்றின் 21ஆம் பாடல். அதே தொகையின் 99ஆம் பாடலில் ஔவையார், அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்ததைச் சொல்கிறார். ஒரு பயிரைக் கொணர்ந்தது ஒரு குலத்தின் புகழாகப் பாடப்பட்டிருக்கிறது என்றால், இனிப்பு அன்று எவ்வளவு அரிதாக இருந்திருக்க வேண்டும்!

என் அப்பத்தா காலம்வரை அந்த அருமை முற்றிலும் போய்விடவில்லை. கந்தரப்பமும் பால் பணியாரமும் நல்லநாள் பெரியநாளுக்கு, கும்மாயம் ஆடிக்கு, கவுனி அரிசி விருந்துக்கு. செட்டிநாட்டு இனிப்புகளை ஒரு தாளில் எழுதினால் பட்டியல் நீளமாகத்தான் வரும். ஆனால் அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இருந்தது. அந்த நாள் வரும்வரை வாய் காத்திருந்தது.

தேநீருக்கு அப்படி நாள் கிடையாது. காலையில் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, மாலையில் ஒன்று, யாராவது வந்தால் அவரோடு ஒன்று. குவளைக்கு இரண்டு கரண்டி என்றால் நாளுக்கு எட்டுக் கரண்டி. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, உணவில் சேர்க்கப்படும் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது. பின்னது ஏறத்தாழ 25 கிராம், அதாவது ஆறு சிறு கரண்டி. பணியாரத்தைத் தொடாமலேயே, தேநீரிலேயே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறோம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த பெரிய ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு. அதன் வாசலில் நிற்பவர்கள் 13 கோடிக்கும் மேல். தமிழகத்தில் 14.4 சதவீதம். இதற்குச் சீனி மட்டும் காரணமல்ல. குடும்ப வழி, உழைப்புக் குறைந்த உடல், தட்டு நிறையச் சோறு என்று பல உண்டு. ஆனால் இவற்றுள் நாளைக் காலையிலேயே குறைக்கக்கூடியது சீனிதான்.

எண்கள் எனக்குப் பொருள்பட்டது என் சின்னம்மாவின் காலில். செருப்பு கடித்த புண். வலிக்கவில்லை என்பதால் அவர் அதைப் பார்க்கவில்லை. வலிக்காததுதான் நோய் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. மதுரையில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். வீடு திரும்பியவர் தன் குவளையில் சீனியை ஒரே நாளில் நிறுத்திவிட்டார். மாத்திரைகளையும் தவறவிடவில்லை. ஆனால் வருகிறவர்களுக்கு மட்டும் முன்னைப் போலவே கலந்தார். வீட்டில் சீனி டப்பா இருக்கும்வரை, அவர் கையும் அதை விட்டு விலகவில்லை. கேட்டதற்கு, “கொறச்சுப் போட்டா வந்தவுக என்னயக் கஞ்சப்பிசினாரின்னு நெனைக்க மாட்டாகளா?” என்றார்.

கேள்வி நியாயமானது. கல்யாண வாசலில் கற்கண்டு நீட்டி வரவேற்கும் ஊரில் இனிப்பு என்பது ருசி மட்டுமல்ல, மரியாதை. மருத்துவர் தரும் உணவுப் பட்டியலில் மரியாதைக்கு இடமில்லை; அதனால்தான் அந்தப் பட்டியல்கள் தோற்கின்றன. கருப்பட்டிக்கு மாறிக்கொள்ளலாம் என்று சொன்னவர்களும் உண்டு. கருப்பட்டிக்கு மணம் உண்டு, சிறிது தாதுச்சத்தும் உண்டு. ஆனால் அதிலும் பெரும்பகுதி அதே இனிப்புதான். இரத்தம் நிறம் பார்ப்பதில்லை.

வழி கண்டுபிடித்தவள் சின்னம்மாவின் மகள். தேநீரைச் சீனியின்றி ஊற்றி, தட்டில் பக்கத்திலேயே சீனிக் கிண்ணத்தையும் கரண்டியையும் வைத்தாள். மறுக்கவும் இல்லை, திணிக்கவும் இல்லை. முதல் வாரம் எதிர்வீட்டு அம்மாள் வந்தபோது கிண்ணத்தைத் தொடவில்லை. “இருக்கட்டும் மதினி, எனக்கும் மூணு வருசமா இருக்கு” என்றார் தணிந்த குரலில்.

மூன்று வருடங்களாக இருவரும் ஒருவர் வீட்டில் மற்றவர் இனிப்புத் தேநீரைக் குடித்திருக்கிறார்கள். ஒருவர் மனம் நோகக்கூடாதென்று மற்றவர் உடலை நோகவிட்டிருக்கிறார். அந்தத் தெருவில் இப்படி எத்தனை வீடுகளோ!

ஒரேயடியாக விட முடியாதவர்கள் வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைக்கலாம். நாக்கு பழகிக்கொள்ளும், சில வாரங்களில் பழைய தேநீர் திகட்டும். வந்தவரிடம் ‘சீனி எவ்வளவு?’ என்று கேட்பதும் உபசாரம்தான் என்று மனம் பழகத்தான் அதைவிட அதிக நாளாகும்.

சென்ற தீபாவளிக்குச் சின்னம்மா வீட்டில் கந்தரப்பம் சுட்டார்கள். அவர் ஒன்றை எடுத்து, பாதியைப் பிட்டு எதிர்வீட்டு மதினிக்குக் கொடுத்துவிட்டு, மீதியை வெகுநேரம் மென்றார்.