ரிவர்ஸ் கியர் போடும் ஆறு

சென்னையில் ஒன்வேயில் எதிர்த்திசையில் போனால் அபராதம். ஆனால், ஒரு நாளைக்கு இரண்டு முறை ரிவர்ஸில் வரும் ஒருத்தரை எனக்குத் தெரியும். பெயர், அடையாறு.

எங்கள் வீடு கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில், தரைதளம். முகத்துவாரம் திறந்திருந்தால், கடல் ஏறும் நேரத்தில் உப்புத் தண்ணீர் எங்கள் பக்கம் வரை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். காலையில் கடலுக்குக் கிளம்பிய தெர்மாகோல், எதையோ மறந்துவிட்டது போல மதியம் திரும்பி வரும்.

ஊர்க்காரர்கள் இந்த ஆற்றைத் தேடி வருவது உடைந்த பாலத்தில் போட்டோ எடுக்கத்தான். 1977-ல் உடைந்தது. ஒழுங்காக இருந்திருந்தால் யாரும் சீண்டியிருக்க மாட்டார்கள்.

மழைக்காலத்தில் 'செம்பரம்பாக்கம் லைவ் அப்டேட்' போடுவது என் வேலை. நடுவில் ஆயா போன் செய்வார். "எத்தினி கன அடி தொறந்தான்றது இருக்கட்டும்டி. இன்னிக்கு அமாவாசை. கடல் தண்ணிய வாங்குமா, வாங்காதா? அத்தச் சொல்லு!"

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி கடல் அதிகம் ஏறும். முகத்துவாரத்தில் மணல் வேறு அடைத்துக்கொண்டால், ஏரியிலிருந்து வரும் வெள்ளம் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். ஆயாவுக்கு இதையெல்லாம் சொன்னது தினசரி காலண்டர்.

2015 டிசம்பரில் எங்கள் வீட்டு ஃபேன் வரை தண்ணீர். மாடி வீட்டுக்காரர்கள்தான் எங்களைக் கைகொடுத்து இழுத்தார்கள். என் பத்தாம் வகுப்புப் புத்தகங்களைப் பள்ளியில் மறுபடி கொடுத்தார்கள். அம்மாவின் கல்யாண ஆல்பத்தை யார் கொடுப்பது?

போன பௌர்ணமி அன்று ஆயாவோடு கோட்டூர்புரம் பாலத்தில் நின்றேன். ஒற்றைச் செருப்பு ஒன்று கடல் பக்கமிருந்து மிதந்து வந்தது.

"எவனோ போட்ட செருப்பத் திருப்பிக் குடுக்குது. எம் மவ ஆல்பத்த மட்டும் குடுக்க மாட்டேங்குது, பாரேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் ஆபீஸில் எங்கள் அப்டேட் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன்: 'இன்று கடல் ஏறும் நேரம்'. எத்தனை பேர் படிக்கிறார்களோ தெரியாது. ஒரு வாசகி மட்டும் தினமும் காலண்டரோடு ஒத்துப்பார்த்துவிட்டு போன் செய்கிறார்.

"இன்னிக்கு சரியாத்தான் போட்டுருக்க!"