செல்ஃப் எடுக்குது, வண்டி எடுக்கல

நின்னு போன கார்ல ரெண்டு வகை உண்டு. சாவியைத் திருப்பினா 'டொக்'னு ஒரு சத்தத்தோட அடங்கிடுறது ஒண்ணு. செல்ஃப் நல்லா சுத்தியும் எஞ்சின் பிடிக்காம இருக்கறது இன்னொண்ணு. முதல் வகைக்கு பேட்டரி, டெர்மினல், ஸ்டார்ட்டர் மோட்டார்னு பெரும்பாலும் மூணு இடத்துலதான் தேடணும். தள்ளி ஸ்டார்ட் பண்ணியாவது வீடு சேர்ந்துடலாம். ஆளைப் படுத்துறது ரெண்டாவது வகைதான்.

அதுலயும் ஒரு விசேஷமான ரகம் இருக்கு. ஓடும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. எங்கேயாவது நின்னு ஐடில்ல இருக்கும்போது பொசுக்குனு அணையும். அப்புறம் தலைகீழா நின்னாலும் கிளம்பாது. முக்கால் மணி நேரம் கழிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி கிளம்பிடும். திண்டிவனம் - விழுப்புரம் ரோட்டுல இந்த ரகத்தோட ஒரு கோடைகாலம் முழுக்க குடும்பம் நடத்தியிருக்கேன். அதனால இதைப் பத்தி எழுத எனக்குக் கொஞ்சம் தகுதி இருக்குன்னு நினைக்கிறேன்.

அப்பாவுக்கு வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். விடிகாலை அஞ்சரைக்கு திண்டிவனத்துலேர்ந்து கிளம்பி விழுப்புரம் போவோம். தூரம் நாப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. நாலு மணி நேரம் மெஷின்ல. முடிச்சு, கொஞ்சம் படுத்து எழுந்து, கிளம்பும்போது உச்சி வெயில். டயாலிசிஸ் முடிஞ்ச ஆளுங்களைப் பக்கத்துலேர்ந்து பாத்தவங்களுக்குத் தெரியும். பி.பி. இறங்கியிருக்கும், கை கால் துவண்டு போயிருக்கும். கொடுமை என்னன்னா, தாகம் எடுத்தாலும் இஷ்டத்துக்குத் தண்ணி குடிக்க முடியாது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான்னு டாக்டர் அளந்து சொல்லியிருப்பார். அப்படிப்பட்ட ஒருத்தரை மே மாச வெயில்ல நடுரோட்டுல நிறுத்தின வண்டியில உட்கார வைக்கறதுன்னா என்னன்னு யோசிச்சுப் பாருங்க.

முதல் தடவை விக்கிரவாண்டி டோல் வரிசையில. ஃபாஸ்டேக் வந்த பிறகு வரிசை சீக்கிரம் நகரும்தான், ஆனா அன்னிக்கு லீவு நாள் கூட்டம். எனக்கு முன்னாடி பத்துப் பன்னெண்டு வண்டி. ஏ.சி. ஓடிட்டிருந்தது. லேசா ஒரு குலுக்கல்கூட இல்லாம எஞ்சின் அணைஞ்சுது. செல்ஃப் அடிச்சேன், சுத்துது, பிடிக்கல. பின்னாடி ஹாரன் சத்தம். நாலு பேர் சேர்ந்து ஓரமா தள்ளி விட்டாங்க. "இன்னாடா ஆச்சி?"ன்னு அப்பா கேட்டுட்டு கண்ணை மூடிக்கிட்டார். நாப்பது நிமிஷம் கழிச்சு தானாவே ஸ்டார்ட் ஆச்சு.

மறுநாள் காலையில ஒர்க்‌ஷாப். வண்டி அங்க குழந்தை மாதிரி சமர்த்தா ஓடுது. பிளக் மாத்தினாங்க. அடுத்த வாரம் திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழ மறுபடி நின்னுது. இந்த தடவை பெட்ரோல் பம்ப் மாத்தினாங்க. பத்து நாள்ல மறுபடி. அப்புறம் பெட்ரோல் மேல பழி. 2025ல பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் கலக்கறது வந்ததுலேர்ந்து, நாட்டுல எந்த வண்டி நின்னாலும் அதுதான் முதல் குற்றவாளி. பழைய வண்டியோட ரப்பர் ஹோஸுக்கு அது ஒத்துக்காமப் போகலாம், வாஸ்தவம்தான். ஆனா பழி சொல்றது பரிசோதனை ஆகாதே.

வண்டிச் செலவைக் கூடப் பொறுத்துக்கலாம். அப்பா வேற மாதிரி பேச ஆரம்பிச்சதுதான் பயமா இருந்தது. "இந்த வாட்டி வாணாம்டா, ஒரு நாள் வுட்டா ஒண்ணும் ஆவாது"ன்னார். ஒரு நாள் விட்டா என்ன ஆகும்னு அங்க இருக்கற நர்ஸம்மா எங்களுக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தாங்க. வெளியேறாத தண்ணி நுரையீரல்ல சேரும், பொட்டாசியம் ஏறினா இதயம் நின்னு போகவும் வாய்ப்பு இருக்கு. கார் நிக்கறதுக்குப் பயந்து அவர் டயாலிசிஸை நிறுத்தப் பாக்குறார்! வாடகைக் கார்ல ரெண்டு வாரம் கூட்டிட்டுப் போனேன். மாசத்துக்குப் பன்னெண்டு, பதிமூணு நடை. கட்டுபடியாகற கணக்கே இல்ல.

அப்போதான் ஒருத்தர் சொல்லி திண்டிவனத்துல ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் பாயைப் பிடிச்சேன். அறுபது வயசுக்கு மேல இருக்கும். பானெட்டைத் திறக்கவே இல்ல. கேள்வியாத்தான் கேட்டார். காலையில நிக்குமா? நிக்காது. ஓடும்போது? இல்ல. ஏ.சி. போட்டிருந்தியா? ஆமா. நின்ன உடனே மறுபடி அடிச்சா? எடுக்காது. ஆறினா? எடுக்கும்.

"தம்பி, ஓடுற வண்டியில நோவு தெரியாது. நிக்கும்போது பாக்கணும். நாளைக்கு ஒரு மணி வெயில்ல கொண்டாங்க, நிக்க வச்சுப் பாப்போம்."

எனக்குப் பொறி தட்டினது இந்த இடத்துலதான். ஒர்க்‌ஷாப்ல தினமும் பாத்தது நோய் இல்லாத நேரத்து வண்டியை. அதுல எதை மாத்தினாலும் 'சரியாச்சு'ன்னுதான் தோணும், ஏன்னா அப்போ அது கெட்டே போகல.

மறுநாள் ஒரு மணிக்குக் கொண்டு போனேன். வெயில்ல நிறுத்தி, பானெட்டை மூடி, ஏ.சி. போட்டு, ஐடில்ல விட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டோம். கிட்டத்தட்ட அம்பது நிமிஷம். பொசுக்! வண்டி நின்னதுக்கு நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில அன்னிக்கு ஒரு நாள்தான்.

அப்புறம் அவர் பண்ணினதை வரிசையா சொல்றேன். இதுதான் இந்தப் பதிவோட சாரம்.

1. சாவியை ஆன்ல வச்சு பின் சீட்டுப் பக்கம் காதை வச்சார். ரெண்டு மூணு வினாடி 'ம்ம்ம்'னு சத்தம். பெட்ரோல் பம்புக்கும் ரிலேவுக்கும் கரண்ட் போகுது.

2. என்னை செல்ஃப் அடிக்கச் சொல்லி மீட்டரைப் பாத்தார். ஆர்.பி.எம். முள் அசையவே இல்ல. பல வண்டிகள்ல செல்ஃப் சுத்தும்போதே அந்த முள் லேசா எழும். எழலைன்னா, எஞ்சின் சுத்துற சேதி கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரலைன்னு சந்தேகப்படலாம்.

3. ஸ்பார்க் டெஸ்டர் மாட்டிப் பாத்தார். பொறி இல்ல. ஒரு சிலிண்டர்ல மட்டும் இல்ல, எதுலயுமே இல்ல. எல்லா பிளக்கும் ஒரே வினாடியில சாகாது. அதனால பிளக்குக்கு முன்னாடி, எல்லாத்துக்கும் பொதுவான ஒரு இடத்துலதான் கோளாறு.

4. கிராங்க் சென்சாரோட கனெக்டரைக் கழட்டி மல்டிமீட்டர் வச்சார். சாதாரணமா சில நூறு ஓம் காட்டணும். மீட்டர் ஒண்ணுமே காட்டல. உள்ள கம்பி அறுந்த மாதிரி.

5. பானைத் தண்ணியில துணியை நனைச்சு சென்சார் மேல மட்டும் சுத்தினார். சூடான எஞ்சின் மேல தண்ணியைக் கொட்டல, அது ஆபத்து. அஞ்சாறு நிமிஷத்துல மீட்டர்ல ஓம் திரும்பி வந்தது. கனெக்டரை மாட்டி செல்ஃப் அடிச்சா, ஒரே சுத்துல ஸ்டார்ட்!

விஷயம் இதுதான். எங்க வண்டியில அந்த சென்சார்ங்கறது ஒரு காந்தம், அதைச் சுத்தி மயிரிழை மாதிரி செப்புக் கம்பி. எஞ்சின்ல இருக்கற பல் சக்கரம் அது முன்னாடி சுத்தும்போது சின்னச் சின்ன மின் துடிப்பு வரும். அதை வச்சுத்தான் எப்போ பொறி விடணும், எப்போ பெட்ரோல் பீய்ச்சணும்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணும். கம்பி எங்கேயோ லேசா விட்டிருக்கு. சூட்டுல விரிஞ்சா பிரிஞ்சுடும், ஆறினா ஒட்டிக்கும். துடிப்பு நின்னா, எஞ்சினே சுத்தலைன்னு நினைச்சு கம்ப்யூட்டர் எல்லாத்தையும் நிறுத்திடும். பல பழைய வண்டிகள்ல இதுக்கு ஃபால்ட் கோடு கூட பதிவாகாது. சுத்தாத எஞ்சின்ல என்ன குற்றம் இருக்கு?

சரி, ஐடில்ல மட்டும் ஏன்? ஓடும்போது காத்து பானெட்டுக்குள்ள புகுந்து சூட்டை அடிச்சுட்டுப் போகும். நிக்கும்போது அது இல்ல. அணைஞ்ச பிறகு கூலன்ட் ஓட்டமும் நின்னுடும், எஞ்சினோட சூடு அப்படியே சுத்தி இருக்கற பாகங்கள் மேல ஏறும். அதனாலதான் நின்ன உடனே எத்தனை தடவை செல்ஃப் அடிச்சாலும் பிரயோஜனம் இல்ல. பேட்டரி இறங்கறதுதான் மிச்சம்.

இந்த ஈரத்துணி வித்தை பாய்க்கு அம்பாசடர் காலத்துப் பழக்கம். கார்புரேட்டர் வண்டிகள்ல வெயில் நாள்ல பெட்ரோல் லைனுக்குள்ளயே கொதிச்சு ஆவியாகி பம்ப் இழுக்காமப் போகும். அதுக்கும் பம்ப் மேல ஈரத்துணிதான் வைத்தியம். டெல்லிக்கு உச்ச நீதிமன்றம் 1999ல யூரோ விதிகளைக் கொண்டு வரச் சொன்னது, 2005 ஏப்ரல்ல நாடு முழுக்க பாரத் ஸ்டேஜ் 2 வந்தது. அதோட புது கார்கள்ல கார்புரேட்டர் காலம் முடிஞ்சுது. அம்பாசடர் தயாரிப்பே 2014ல நின்னு போச்சு. நோய் மாறிடுச்சு, அறிகுறி மட்டும் அப்படியே இருக்கு.

இந்த மாதிரி கோளாறு கோர்ட்டு வரைக்கும் போன கதையும் உண்டு. ஃபோர்டு கம்பெனி 1980கள்ல நிறைய மாடல்கள்ல இக்னிஷன் மாட்யூலை டிஸ்ட்ரிபியூட்டர் மேலயே பொருத்தியிருந்தது. எஞ்சின் சூடு நேரா அதுல ஏறும். சூடானா வண்டி அணையும், ஆறினா ஓடும். அமெரிக்க அரசோட பாதுகாப்புத் துறை பல தடவை விசாரிச்சும் ரீகால் வரல. கடைசியில 2000 அக்டோபர்ல கலிஃபோர்னியா நீதிபதி மைக்கேல் பாலச்சி பத்து லட்சத்துக்கும் மேலான வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொல்லி உத்தரவு போட்டார். 2001ல ஃபோர்டு சமரசத்துக்கு வந்தது. 'எங்க கிட்ட வந்தா நல்லாத்தானே ஓடுது'ங்கற பதிலை அங்கயும் எத்தனை பேர் கேட்டிருப்பாங்களோ!

எல்லா ஐடில் பிரச்சினையும் சென்சார் இல்லைங்கறதையும் சொல்லிடறேன். அணைஞ்ச உடனே ஆக்சிலேட்டரை லேசா மிதிச்சா ஸ்டார்ட் ஆகுதுன்னா, த்ராட்டில்ல அழுக்கு, ஐடில் வால்வு, வேக்கம் ஹோஸ் கசிவுன்னு தேடணும். பம்ப் சத்தமே வரலைன்னா ஃபியூஸ், ரிலே, பம்ப். மீட்டர்ல சாவி படம் மினுக்கினா இம்மொபிலைசர். எதுவா இருந்தாலும், மாத்தறதுக்கு முன்னாடி நிக்க வச்சுப் பாருங்கறதுதான் பாய் சொன்ன பாடம்.

சென்சார் ஆயிரத்துச் சொச்சம்தான் ஆச்சு, கூலியோட. அதுக்கு முன்னாடி மாத்தினதுக்கெல்லாம் ஆன கணக்கை வீட்டம்மா இன்னும் ஞாபகம் வச்சிருக்காங்க, விடுங்க.

அடுத்த வாரம் அப்பா பின் சீட்டுல ஏற மாட்டேன்னுட்டார். முன் சீட்டுதான் வேணுமாம். விக்கிரவாண்டி டோல் வந்ததும் ஆர்.பி.எம். முள்ளையே பாத்துட்டு இருந்தார். கேட்டைத் தாண்டினதும், "நாளான்னிக்கு அஞ்சரைக்கே கிளம்பிடலாமில்ல?"ன்னார்.

பி.கு: நெடுஞ்சாலையில ஓடும்போதே அணைஞ்சா, பதறிப்போய் சாவியை முழுசா ஆஃப் பண்ணி எடுத்துடாதீங்க, ஸ்டீரிங் லாக் ஆகிடும். பிரேக் ஒண்ணு ரெண்டு மிதிக்குத்தான் லேசா இருக்கும், அப்புறம் அழுத்தி மிதிக்கணும். ஹசார்டு லைட்டைப் போட்டு இடது ஓரம் ஒதுங்குங்க. ஆளுங்களை வண்டிக்குள்ள உட்கார வைக்காம கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிழலாப் பாத்து உட்கார வைங்க. தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033, ராத்திரி பகல் எந்நேரமும். போன்ல இப்பவே பதிஞ்சு வச்சுக்கோங்க.