ஒட்டகத்தின் சட்டை

சென்ற ஷஃபான் மாதத்தில் ஒரு நாள், அஸர் தொழுகையை முடித்துக்கொண்டு பழங்காநத்தத்திலுள்ள எங்கள் இல்லத்திற்குத் திரும்பியபோது, வாசலில் அண்ணன் தம்பி இருவர் காத்து நின்றனர். இருவரும் எங்கள் மஹல்லாவாசிகள். இளையவர் சிறு வயதில் என்னிடம் குர்ஆன் ஓதியவர். கையிலிருந்த பையைத் திறந்து, ஒரு சாண் உயரமுள்ள நூல் முயல் ஒன்றை எடுத்துத் திண்ணைமீது வைத்தார். மஞ்சள் பாவாடை, வெள்ளைச் சட்டை, காதோரத்தில் ஒரு பூ. பாவாடையைக் கழற்றலாம், திரும்ப மாட்டலாம். சட்டையின் முதுகில் மிளகளவில் ஒரு பொத்தான்.

“ஹஜ்ரத், பிள்ளைக்காக வாங்கியது. உருவப் பொம்மை வீட்டில் இருந்தால் மலக்குகள் வரமாட்டார்கள் என்கிறார் அண்ணன். இதற்குக் கண் வைக்கவில்லையே, அதனால் குற்றமில்லை என்கிறேன் நான். உங்கள் வீட்டில் செய்த பொருள்தானே, உங்களிடமே கேட்டுவிடலாம் என்று வந்தோம்” என்றார்.

முயலைப் பின்னியவள் என் மகள். முப்பது ஆண்டுகளாக ஊராரின் மார்க்க ஐயங்களுக்கு விடை சொல்லி வருகிறவன் நான். ஆயினும் என் வீட்டு முன்னறையிலேயே நான்கு ஆண்டுகளாக நடந்துவரும் இந்தக் கைத்தொழிலைப் பற்றி, ஆகும் என்றோ ஆகாது என்றோ ஒரு சொல்லும் சொன்னதில்லை. அம்மௌனத்திற்குக் காரணம் உண்டு. மறுநாள் வருமாறு சொல்லி அவ்விருவரையும் அனுப்பிவைத்தேன்.

தொழிலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவி குரோஷாத் தொப்பி பின்னுவதில் கைதேர்ந்தவள். எங்கள் மத்ரஸாப் பிள்ளைகள் பலரின் தலையில் இருப்பது அவள் பின்னிய தொப்பி. இதை எழுதும் இவ்வேளையில் என் தலையில் இருப்பதும் அதுவே. 2021இல் எங்கள் மகள் கணவனை இழந்து, பிள்ளைகள் இருவரோடு எங்களிடம் வந்தாள். இத்தாவின் நான்கு மாதம் பத்து நாளும் அறையை விட்டு வெளிவராமல் இருந்தவள், ஒரு நாள் தாயின் கொக்கி ஊசியைக் கேட்டு வாங்கினாள். தொப்பிதான் பின்னத் தொடங்கினாள். முடிந்தபோது அது யானைத் தலையாக இருந்தது.

இஃது எப்படி ஆயிற்று என்று நான் கேட்டதற்கு அவள் தந்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. தொப்பிக்கு நூலால் ஒரு வளையம் செய்து அதில் ஆறு கண்ணிகள் போடுவார்கள். அடுத்த சுற்றில் 12, பிறகு 18, பிறகு 24 என்று ஒவ்வொரு சுற்றிலும் ஆறாறாகக் கூட்டிக்கொண்டே போனால் தட்டையான வட்டம் விரியும். கூட்டுவதை நிறுத்திவிட்டுச் சுற்றிக்கொண்டே போனால் வட்டம் குழிந்து கிண்ணமாகும். அதுவே தொப்பி. அங்கே நிறுத்தாமல் கூட்டிய முறைப்படியே குறைத்துக்கொண்டு வந்தால், வாய் குறுகிப் பந்தாக மூடிக்கொள்ளும். மூடுவதற்குமுன் பஞ்சை அடைத்துவிட வேண்டும். தும்பிக்கையும் கால்களும் தனித்தனிக் குழாய்கள். பின்னித் தைத்து இணைப்பதுதான். சுற்று எங்கே தொடங்கிற்று என்பது மறந்துபோகாமல் இருக்க, வேறு நிறத்து நூல்துண்டு ஒன்றை அடையாளமாகச் செருகி வைப்பாள்.

பஞ்சிலும் ஒரு படிப்பினை கிடைத்தது. போடி பக்கத்து இலவம்பஞ்சை நம்பித் தொடங்கினாள். மெத்தைக்கு அதைப்போல் வேறில்லை. பொம்மைக்கோ, கண்ணி சற்றே தளர்ந்தாலும் பஞ்சு இழையிழையாக வெளியேறிப் பிள்ளையின் வாயில் ஒட்டும். துவைத்தால் கட்டி தட்டிப்போகும். ஆகையால் இப்போது பாலியஸ்டர் பஞ்சு. கண்ணிகள் நெருங்கி விழவேண்டும் என்பதற்காக இரண்டரை மில்லிமீட்டர் ஊசி.

விலங்கைவிட அதன் உடைதான் அவளுக்குப் பெரிய வேலை. இந்தப் பொம்மைகளுக்கு உடல் சிறிது, தலை பெரிது. மனிதப் பிள்ளைக்குப் போடுவதுபோல் தலைவழியே சட்டை இறங்காது. முதுகில் திறப்பு வைக்க வேண்டும். கை மடங்காது, ஆகவே கைக்குழி அகலமாக இருக்க வேண்டும். கால்சட்டை என்றால் வாலுக்கு ஒரு துளை. பூனையின் வாலுக்கு வைத்த துளை முயலுக்கு உதவாது. இவற்றையெல்லாம் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் வரைந்து, சுற்றுக்கு எத்தனை கண்ணி என்று எழுதி வைத்திருக்கிறாள். ஓர் உடை சரியாக அமைய மூன்று முறை பிரித்துப் பின்னுவதும் உண்டு. அவளுடைய நோட்டைப் பார்க்கையில், நஹ்வு படிக்கும் மாணவன் சொற்றொடரைக் கூறு கூறாகப் பிரித்து எழுதும் பலகை என் நினைவுக்கு வரும்.

ஜப்பானியர் இவ்வகைப் பொம்மையை ‘அமிகுருமி’ என்கின்றனர். பின்னுதலைக் குறிக்கும் ‘அமி’ என்ற சொல்லும், பஞ்சடைத்த பொம்மையைக் குறிக்கும் ‘நுய்குருமி’ என்ற சொல்லும் கூடிப் பிறந்த பெயர் அது. நம் நாட்டிலும் இக்கலை சிறிய வட்டத்தில் நின்றுவிடவில்லை. சென்னையில் சுபஸ்ரீ நடராஜன் என்னும் அம்மையார் தொடங்கிய பின்னல் மாதர் குழுவினர், 2016இல் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷாப் போர்வையால் கின்னஸ் சாதனை படைத்தார்கள். 2018இல் கையால் பின்னிய 58,917 உருவங்களை ஒரே இடத்தில் பரப்பி மீண்டும் அப்புத்தகத்தில் இடம்பெற்றார்கள். இச்செய்திகளை மகள்தான் எனக்குச் சொன்னாள். குரோஷாப் பின்னலை மலிவாகச் செய்து குவிக்கும் ஆலை இன்னும் எங்கும் வரவில்லை என்றும், கடையில் காணும் ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் விரல் வலி என்றும் சொன்னாள். முயலுக்கு இரண்டு நாள், உடைக்கு அரை நாள். டவுன் ஹால் ரோட்டில் இயந்திரப் பொம்மையின் விலையைக் கேட்டுவிட்டு வருகிறவர்கள், இவள் விலையைக் கேட்டதும் ‘பொம்மைக்கா இவ்வளவு’ என்கின்றனர். அதே கைகள் அறுநூறு ரூபாய் இனிப்புப் பெட்டியைத் தயங்காமல் வாங்குகின்றன!

அன்றிரவு இஷாவுக்குப் பின் கிதாபுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உண்மையில் தேடவேண்டிய தேவையே இல்லை. எல்லாம் ஆண்டுதோறும் நான் பாடம் நடத்தும் பக்கங்கள்தாம். உருவம் சமைப்போர் மறுமையில் அதற்கு உயிர் கொடுக்கும்படி கேட்கப்படுவர் என்ற எச்சரிக்கை அங்கே உள்ளது. அதை எவரும் இலேசாகக் கருதிவிட முடியாது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பொம்மை வைத்து விளையாடியதும் அதே நூல்களில் உள்ளது. அபூதாவூதின் அறிவிப்பில், நாயகம் (ஸல்) அவர்கள் பயணத்திலிருந்து திரும்பிய வேளையில் காற்று திரையை விலக்குகிறது. பொம்மைகளுக்கு நடுவே, துண்டுத் துணியால் இரு சிறகுகள் வைத்த குதிரை ஒன்று. குதிரைக்குச் சிறகா என்று அவர்கள் கேட்க, சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகு இருந்ததைத் தாங்கள் கேள்விப்படவில்லையா என்று அன்னையார் திருப்பிக் கேட்கிறார்கள். நாயகம் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். துணி ஒட்டி அணிசெய்த விலங்குப் பொம்மை, நபியின் இல்லத்திலேயே!

புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் மற்றொரு செய்தி. ஆஷூரா நோன்பைப் பற்றி ருபையிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அறிவிப்பது. பிள்ளைகளையும் நோன்பு வைக்கச் செய்வோம், பசியால் அழுதால் கம்பளியில் செய்த விளையாட்டுப் பொருளைக் கொடுத்து, நோன்பு திறக்கும் நேரம்வரை ஆற்றுவோம் என்கிறார்கள். மூலத்தில் உள்ள சொல் ‘இஹ்ன்’. சாயம் தோய்த்த கம்பளி என்று அகராதி பொருள் கூறும். இச்சொல்லுக்கு மாணவர்களிடம் எத்தனை முறை பொருள் சொல்லியிருப்பேன்! அடுத்த அறையில் மகளின் கூடையில் கிடக்கும் சிவப்பும் மஞ்சளுமான நூலுருண்டைகள் ஒரு முறையேனும் என் நினைவுக்கு வந்ததில்லை.

சிறுமியர் விளையாடும் பொம்மைக்கு விலக்கு உண்டு என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து என்று காழி இயாழ் கூறியிருப்பதையும், அவற்றை விற்பதையும் அவர்கள் அனுமதித்திருப்பதையும் இப்னு ஹஜர் தம் ‘பத்ஹுல் பாரி’யில் எடுத்துக் காட்டுகிறார். அந்த அனுமதி பின்னர் நீக்கப்பட்டதென்று கொண்டவர்களும் உண்டு. அதையும் அவர் மறைக்கவில்லை. அலங்காரப் பேழையில் வைத்து அழகு பார்க்கப் பெரியவர்கள் வாங்குவது வேறு விசாரணை. அதை ஈண்டு விரிக்கவில்லை.

இனி என் மௌனத்திற்கு வருகிறேன். 1998ஆம் ஆண்டு. திருநெல்வேலி, நாகர்கோவில் பேருந்துகள் பழங்காநத்தத்திலிருந்து புறப்பட்டுக்கொண்டிருந்த காலம். நான் ஸனது பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. மகளுக்கு ஏழு வயது. என் மாமனார் புதுமண்டபத்துத் தையற்காரர். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேடமணிவோரின் உடைகளைத் தைத்துக் கொடுத்த முஸ்லிம் தையற்காரர்களில் ஒருவர். அக்கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்திற்கு மாறிவிட்டன. அவர் கொண்டுவந்த வெட்டுத்துண்டுகளை வைத்து, மகளின் நன்னி அவளுக்கு ஒரு துணி ஒட்டகம் செய்து கொடுத்தார். சிவப்பு வெல்வெட்டில் ஜரிகைக் கரையிட்ட சட்டையும் அதற்கு உண்டு. பிள்ளை அதை மார்போடு அணைத்துக்கொண்டுதான் உறங்கினாள்.

தலை நீக்கப்பட்ட உருவம் மரத்தைப் போன்றதாகிவிடும் என்ற சட்டம் எனக்கு மனப்பாடம். ஒரு வெள்ளிக்கிழமை காலை, மனைவியின் கத்தரிக்கோலை எடுத்து ஒட்டகத்தின் கழுத்தை வெட்டினேன். எரிக்கவில்லை, எறியவில்லை, சட்டப்படி மென்மையாகவே நடந்துகொண்டேன் என்ற பெருமிதம்கூட அப்போது இருந்தது. பிள்ளை அழவில்லை. தலையில்லாத உடலிலிருந்து சட்டையை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவளுடைய நன்னி 2009இல் மௌத்தாகும்வரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. எங்கள் வீட்டுக்கு வேறு எந்தப் பொம்மையும் செய்து தரவும் இல்லை. சிறகு முளைத்த குதிரையின் பாடத்தை அந்த ஆண்டும் நான் நடத்தியிருக்கிறேன்.

மறுநாள் சகோதரர்கள் வந்தார்கள். இரு தரப்புக் கருத்தையும் சொன்னேன். பிள்ளை விளையாடட்டும், பேணுதலுக்காகத் தவிர்ப்பவரைக் குறைசொல்ல வேண்டாம் என்றேன். கண் இல்லாததால் ஆகும் என்பதன்று, பிள்ளையின் விளையாட்டு என்பதால் ஆகும் என்றும் விளக்கினேன். மூத்தவருக்கு முழு நிறைவு இல்லை. ஆயினும் முயலைத் தம்பி பையில் வைக்கும்போது தடுக்கவில்லை.

அவர்கள் போனபின் மகளை அழைத்து, “கண் ஏன் வைப்பதில்லை?” என்று கேட்டேன். பொம்மை ஒவ்வொன்றோடும் ஒரு சிறு காகிதப் பொட்டலத்தில் கறுப்பு நூலை வைத்துக் கொடுப்பாள், வேண்டியவர்கள் தாங்களே தைத்துக்கொள்ளட்டும் என்று. புதிய பாணி போலும் என்று நினைத்திருந்தேன்.

“கண் வைத்துவிட்டால் நீங்கள் கத்தரிக்கோலை எடுத்துவிடுவீர்களோ என்றுதான், அத்தா” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று நான் செய்தது தவறு என்று சொன்னேன். அந்தக் கிதாபுப் பக்கங்களையும் அவளுக்கு வாசித்துப் பொருள் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “உலை கொதிக்கிறது” என்று எழுந்து போனாள்.

அதன்பின் சில நாள்கள் அதைப் பற்றிப் பேச்சு இல்லை. ரமளான் பிறை தெரிந்த இரவு, தராவீஹ் தொழுதுவிட்டு வந்தேன். என் கிதாபுப் பலகையின்மேல் ஓர் ஒட்டகம் நின்றது. மணல் நிற நூல், ஒற்றைத் திமில், குஞ்சம் கட்டிய வால். அதன்மேல் அந்தச் சிவப்பு வெல்வெட்டுச் சட்டை. ஜரிகை கறுத்திருந்தது. இருபத்தேழு ஆண்டுகளாக அவள் அதை எங்கே வைத்திருந்தாளோ! வழக்கமாக உடலைப் பின்னிவிட்டு உடையைப் பின்னுகிறவள், இதற்கு மட்டும் சட்டையை அளந்து அதற்கேற்ப உடலைப் பின்னியிருக்கிறாள். பக்கத்தில் கறுப்பு நூல் கோத்த ஊசி ஒன்று.

தையல் எனக்குத் தெரியாது. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் முயன்றேன். விரலில் இரண்டு முறை குத்திக்கொண்டேன். காலையில் ஸஹருக்கு எழுந்த பேத்தி அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நன்னா, இடது கண் மேலே ஏறிப்போய்விட்டது” என்றாள். பிரித்துத் தைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.